ஓட்டல் லாபி லவுஞ்சில் ஒரு கிளாஸ்: பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அறை இன்னும் தயாராகவில்லை. அல்லது மீட்டிங் சீக்கிரம் முடிந்துவிட்டது, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. இந்த மாதிரி இடைவெளிகளுக்காகவே இருப்பதுதான் லாபி லவுஞ்ச். மெனுவில் பானத்தின் பெயர் எழுதியிருந்தாலும் நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பகுதி அந்த நாற்காலிக்கும் நேரத்துக்கும்தான் போகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ளதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

லாபி லவுஞ்ச், பார், கிளப் லவுஞ்ச்: மூன்றும் ஒன்றுதானா?

இல்லை. லாபி லவுஞ்ச் என்பது ரிசப்ஷனுக்குப் பக்கத்தில் சோபாவும் குட்டை மேசையும் போட்ட திறந்த இடம். காலையில் காப்பி, மாலையில் டீ, இருட்டினால் மது என்று ஒரே இடம் வேளைக்கு வேளை மாறும். பார் என்றால் கவுண்டர், உயர ஸ்டூல், மங்கலான விளக்கு. பெரும்பாலும் சாயங்காலம்தான் திறக்கும். கிளப் லவுஞ்ச் அல்லது எக்ஸிக்யூட்டிவ் லவுஞ்ச் என்பது உயர்வகை அறை எடுத்தவர்களுக்கும் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்களுக்கும் மட்டும். அங்கே மாலையில் சில மணி நேரம் பானங்கள் அறை வாடகையிலேயே அடங்கியிருக்கும். உங்கள் அறைக்கு அந்தச் சலுகை இருப்பதே தெரியாமல் கீழே வந்து காசு கொடுத்துக் குடிப்பவர்கள் நிறையப் பேர். செக்-இன் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

அந்த ஓட்டலில் தங்காதவர் போய் உட்காரலாமா?

பெரும்பாலான ஓட்டல்களில் தாராளமாக. வெளியாள் வந்து குடிப்பது அவர்களுக்கு வருமானம். வாசலில் யாராவது கேட்டால் "லவுஞ்சுக்கு" என்று சொன்னால் போதும். விதிவிலக்கு இரண்டு: தனியார் விருந்துக்காக இடத்தை மூடியிருக்கும் நாள், சட்டமோ உரிமமோ தங்கியிருப்பவருக்கு மட்டும்தான் மது தரலாம் என்று சொல்லும் ஊர். இரண்டாவது வகை ஊரில் அறை எண்ணைக் கேட்பார்கள், சில இடங்களில் பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள்.

உள்ளே போனதும் எங்கே உட்காருவது?

நுழைவில் ஒரு சிறு மேடையும் அதன் பின்னால் ஆளும் இருந்தால் நில்லுங்கள், அவர்கள் அழைத்துப் போவார்கள். மேடை இல்லை என்றால் காலியான இடத்தில் நீங்களே உட்காரலாம். ஆனால் நாலு பேர் சோபாவை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டாம். கூட்டம் கூடும் நேரத்தில் எழுந்து மாறச் சொல்வார்கள், அது இருவருக்கும் சங்கடம்.

தனியாக வந்தவருக்குக் கவுண்டர் இருந்தால் கவுண்டர்தான் நல்ல இடம். காரணம் எளிது. சோபாவில் உட்கார்ந்தால் பரிமாறுபவர் உங்கள் பக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒருவர் பதினைந்து மேசையைப் பார்த்துக்கொண்டால் பில் வாங்கவே கால் மணி நேரம் ஆகும். கவுண்டரில் எதிரிலேயே ஆள் நிற்கிறார். எந்தப் பாட்டிலில் இருந்து எவ்வளவு ஊற்றுகிறார் என்பதும் கண்ணில் படும்.

கூப்பிட வேண்டுமானால் கண்ணைப் பார்த்து லேசாகக் கையை உயர்த்துங்கள். விரலைச் சொடுக்குவதும் "ஸ்ஸ்" என்பதும் எந்த ஊரிலும் நல்ல பெயர் வாங்கித் தராது. மெனுவை விரித்தே வைத்திருந்தால் இன்னும் யோசிக்கிறீர்கள் என்று ஒதுங்கிப் போய்விடுவார்கள். மூடி வையுங்கள், வருவார்கள்.

உடை?

பகலில் பயண உடையே போதும். மாலை ஆறுக்கு மேல் சில ஓட்டல்களில் நீச்சல் உடை, கையில்லாத பனியன், ரப்பர் செருப்பு மூன்றையும் அனுமதிக்க மாட்டார்கள்.

விலைக்குப் பக்கத்தில் "++" என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

அந்த விலையில் சர்வீஸ் சார்ஜும் வரியும் சேரவில்லை என்று பொருள். வாசகர்களை அதிகம் தடுக்கி விழ வைக்கும் இடம் இது என்பதால் ஒரு பில்லை வரிவரியாகப் பார்ப்போம். சிங்கப்பூரில் சர்வீஸ் சார்ஜ் வழக்கமாக 10 சதவீதம், ஜி.எஸ்.டி. 2024 ஜனவரி முதல் 9 சதவீதம். மெனுவில் 20++ என்று இருக்கும் பானம் இரண்டு வாங்குகிறீர்கள்.

பானம் இரண்டு: 40.00
சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம்: 4.00
கூட்டுத்தொகை: 44.00
வரி 9 சதவீதம், 44-ன் மேல்: 3.96
மொத்தம்: 47.96

வரி 40-க்கு அல்ல, சர்வீஸ் சார்ஜ் சேர்ந்த 44-க்குப் போடப்படுகிறது. அதனால்தான் 19 சதவீதம் என்று மனக்கணக்குப் போட்டவருக்கு 19.9 வருகிறது. "++" போட்ட மெனுவைக் கண்டால் விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள், பெரிதாகத் தவறாது. "நெட்" என்று போட்டிருந்தால் எல்லாம் அடக்கம். எதுவுமே போடவில்லை என்றால் கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள். அமெரிக்காவில் மெனு விலையில் விற்பனை வரியும் இருக்காது, டிப்ஸும் இருக்காது. பிரிட்டனில் வாட் வரி விலையிலேயே அடக்கம்.

டிப்ஸ் கொடுக்க வேண்டுமா?

முதலில் பில்லைப் படியுங்கள். சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே இருந்தால் மேலே கொடுப்பது உங்கள் விருப்பம். அமெரிக்காவில் வரிக்கு முந்தைய தொகையில் 18 முதல் 20 சதவீதம் எதிர்பார்ப்பார்கள். ஊழியரின் சம்பளமே அதை நம்பித்தான் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது, அதை மறுப்பது ஓட்டலைத் தண்டிப்பதாகாது. ஜப்பானில் டிப்ஸ் வழக்கமில்லை. மேசையில் விட்டுப்போன காசைத் திருப்பிக் கொடுக்க ஓடிவருவார்கள். லண்டனில் பில்லில் 12.5 சதவீதம் "விருப்பத்தின் பேரில்" என்று சேர்த்திருப்பார்கள். சேவை மோசமாக இருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு பொறி: சர்வீஸ் சார்ஜ் போட்ட பில்லிலும் கார்டு சீட்டில் "டிப்" என்று ஒரு காலி வரி இருக்கும். அதை அப்படியே விடாமல் குறுக்கே ஒரு கோடு போட்டு மொத்தத் தொகையை நீங்களே எழுதுங்கள்.

ஒரு பெக் என்றால் எத்தனை மில்லி?

நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் ஜின், ரம், வோட்கா, விஸ்கி நான்கையும் 25 அல்லது 35 மில்லி, இல்லையென்றால் அதன் மடங்குகளில்தான் ஊற்ற வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கிளாஸ் ஒயின் 125 அல்லது 175 மில்லி, அதன் மடங்குகள். இந்தியாவில் ஸ்மால் 30, லார்ஜ் 60. அமெரிக்காவில் வழக்கமான ஊற்று ஒன்றரை அவுன்ஸ், அதாவது சுமார் 44 மில்லி.

ஆகவே "ஒரு விஸ்கி" என்று மொட்டையாகச் சொன்னால் ஒரு ஊரில் 25 மில்லியும் இன்னொரு ஊரில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கும் வரும். இது ஏமாற்று வேலை இல்லை, அளவே வேறு. விலையை ஒப்பிடும்போதும், எத்தனை குடித்தோம் என்று எண்ணும்போதும் கிளாஸை விட்டுவிட்டு மில்லியைக் கணக்கில் எடுங்கள்.

எது லேசு, எது கனம்? பெயரை வைத்துச் சொல்ல முடியவில்லையே.

பெயரையும் நிறத்தையும் இனிப்பையும் நம்பாதீர்கள். கணக்குப் போடுவது சுலபம்: மில்லியைச் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் சுத்த ஆல்கஹால் மில்லியில் கிடைக்கும், அதை 0.79 ஆல் பெருக்கினால் கிராம்.

330 மில்லி பீர், 5 சதவீதம் என்றால் 16.5 மில்லி, ஏறத்தாழ 13 கிராம். 150 மில்லி ஒயின் 12 சதவீதத்தில் 14 கிராம். 60 மில்லி விஸ்கி 40 சதவீதத்தில் 19 கிராம்.

இப்போது காக்டெயிலுக்கு வருவோம். ஸ்பிரிட்ஸ் என்ற ஆரஞ்சு நிறப் பானத்தில் 90 மில்லி ப்ரொசெக்கோ (நுரைக்கும் ஒயின்), 60 மில்லி ஆப்பரோல் (லேசாகக் கசக்கும் ஆரஞ்சு மது), 30 மில்லி சோடா. முதல் இரண்டுமே 11 சதவீதச் சரக்குதான், எனவே மொத்தம் 13 கிராம். அதாவது ஒரு பீர். கிட்டத்தட்ட அதே நிறத்தில், அதே மாதிரி ஐஸ் போட்டு வரும் நெக்ரோனியில் ஜின், கம்பாரி என்ற கசப்பு மது, மூலிகை சேர்த்த ஒயினான இனிப்பு வெர்மூத் மூன்றும் 30 மில்லி வீதம். கூட்டினால் 19 கிராம். கண்ணுக்கு இரண்டும் அக்கா தங்கை, உடம்புக்கு அப்படி இல்லை. லாங் ஐலண்ட் ஐஸ்ட் டீ என்ற பெயரில் "டீ" இருக்கிறதே என்று வாங்குபவர்களுக்கு: அதில் டீ கிடையாது, ஐந்து வகைச் சரக்கு. ஒவ்வொன்றும் 15 மில்லி போட்டாலே 23 கிராம் தாண்டும்.

கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். காப்பியோ குளித்தலோ அதை வேகப்படுத்தாது.

என்ன ஆர்டர் செய்தால் ஏமாற மாட்டோம்?

லாபி லவுஞ்சில் எளிதான பானத்தையே வாங்குங்கள் என்பது எங்கள் கட்சி. பல ஓட்டல்களில் லவுஞ்சுக்குத் தனி பார்டெண்டர் இருக்க மாட்டார். காப்பி போடுபவரே அட்டையைப் பார்த்து காக்டெயிலும் கலப்பார். பத்துப் பொருள் சேரும் பானத்தில் பத்து இடத்தில் தவறு நேரலாம். இரண்டு பொருள் சேரும் பானத்தில் இரண்டே இடம்தான்.

ஜின்னோடு டானிக் என்ற கசப்புச் சோடாவைக் கலக்கும் ஜின் அண்ட் டானிக்கை எடுத்துக்கொள்வோம். நல்லதாக வர வேண்டுமானால் உயரக் கிளாஸ் விளிம்புவரை ஐஸால் நிரம்பியிருக்க வேண்டும். ஐஸ் குறைவாக இருந்தால் பானம் திடமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், நேர்மாறு. நாலு துண்டு ஐஸ் ஐந்து நிமிடத்தில் கரைந்து பானம் நீர்த்துவிடும். நிறைய ஐஸ் இருந்தால் ஒன்றையொன்று குளிர்வித்துக்கொண்டு மெதுவாகக் கரையும். ஐஸ் மேல் 50 மில்லி ஜின், பிறகு கிளாஸைச் சாய்த்து 150 மில்லி டானிக்கை ஓரமாக ஊற்றி ஒரே ஒரு முறை கிளற வேண்டும். படபடவென்று கலக்கினால் கேஸ் போய்விடும். எலுமிச்சையை மேலே லேசாகப் பிழிந்தால் தோலில் உள்ள எண்ணெய் வாசனை முதலில் மூக்கில் ஏறும்.

எங்கே கெடும்? டானிக் குழாயில் இருந்து வந்தால். கவுண்டருக்கு அடியில் பாகு டப்பாவையும் சோடாவையும் இணைத்து ஒரு கைத்துப்பாக்கி மாதிரி வைத்திருப்பார்கள். அதில் பாகு அளவு தவறியிருந்தால் ஒன்று திகட்டும், இல்லை சப்பென்று இருக்கும். எனவே ஆர்டர் செய்யும்போதே "டானிக் பாட்டிலில் வருமா? தனியாக வைத்துவிடுங்கள், நானே ஊற்றிக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். பானத்தின் திடமும் வேகமும் உங்கள் கைக்கு வந்துவிடும். 200 மில்லி பாட்டில் ஒன்று ஒரு பெக்குக்கு தாராளம்.

இதே தர்க்கப்படி விஸ்கி சோடா, பாட்டில் பீர், உலர் ஷெர்ரி (இனிப்பில்லாத ஸ்பானிய ஒயின்) எல்லாம் பத்திரமான தேர்வுகள். வெர்மூத் சேரும் மார்ட்டினி, மன்ஹாட்டன் வாங்குவதானால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வெர்மூத் பாட்டில் எங்கிருந்து வருகிறது? அது 15 முதல் 18 சதவீதம் உள்ள ஒயின்தான், திறந்தபின் ஃபிரிஜ்ஜில் இருக்க வேண்டும். அலங்கார அலமாரியில் விளக்கு வெளிச்சத்தில் மாதக்கணக்காக நிற்கும் பாட்டிலை எடுத்தால் வேறு எதையாவது கேளுங்கள்.

கிளாஸ் ஒயின் வாங்கலாமா?

வாங்கலாம், ஒரு கேள்வி கேட்டுவிட்டு: "இந்தப் பாட்டில் எப்போது திறந்தது?" நேற்று என்றால் பரவாயில்லை. மூன்று நாளைக்கு மேல் என்றால் வேண்டாம். பதிலில் தடுமாற்றம் இருந்தாலும் வேண்டாம். காற்றுப் பட்டுக் கெட்ட ஒயினில் அடிபட்ட ஆப்பிள் வாசமோ வினிகர் வாசமோ வரும். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் அது கார்க் கோளாறு, புதிதாகத் திறந்த பாட்டிலிலும் வரும். இரண்டுக்கும் மாற்றித் தரச் சொல்வது உரிமை. ஆனால் ஒரு வாய் குடித்ததும் சொல்லுங்கள், பாதி காலியான பிறகு சொன்னால் எடுபடாது. பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம், அதற்கு மாற்றித்தர அவர்கள் கடமைப்பட்டவர்கள் இல்லை.

ஓட்டலுக்கென்று பெயர்பெற்ற காக்டெயிலை ருசி பார்க்க வேண்டுமா?

ஓட்டல் பார்கள் உலகுக்குக் கொடுத்த பானங்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. சிங்கப்பூர் ஸ்லிங்கை ராஃபிள்ஸ் ஓட்டலின் லாங் பாரில் 1915-ல் ஙியாம் டோங் பூன் என்ற பார்டெண்டர் உருவாக்கினார் என்பது அந்த ஓட்டல் சொல்லும் வரலாறு. பெண்கள் பொது இடத்தில் மது குடிப்பது நாகரிகமாகக் கருதப்படாத காலம். பழச்சாறு மாதிரி தெரியட்டும் என்றுதான் அதற்கு இளஞ்சிவப்பு நிறம் என்பார்கள். லண்டன் சவாய் ஓட்டலின் அமெரிக்கன் பாரில் தலைமை பார்டெண்டராக இருந்த ஏடா கோல்மன் என்ற பெண்மணி ஹாங்கி பாங்கியைக் கலந்தார்: ஜின்னும் இனிப்பு வெர்மூத்தும் சரிபாதி, மேலே ஃபெர்னெட் என்ற கசப்பான மது சில சொட்டு. பினா கொலாடா 1954-ல் தன்னிடம் பிறந்தது என்று போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் உள்ள கரீபே ஹில்டன் ஓட்டல் உரிமை கொண்டாடுகிறது. நியூ ஆர்லியன்ஸின் மான்டெலியோன் ஓட்டலில் 1949 முதல் பார் கவுண்டரே ராட்டினம் போல மெதுவாகச் சுற்றுகிறது. எழுந்து போனவர் திரும்பி வந்தால் தன் ஸ்டூலைத் தேட வேண்டும்.

இப்படிப் பிறந்த இடத்திலேயே குடிப்பது ஒரு அனுபவம், ஒன்று வாங்கலாம். ஆனால் ஏதோ ஒரு ஓட்டல் தன் பெயரை ஒட்டி வைத்திருக்கும் "சிக்னேச்சர்" என்றால் பட்டியலில் உள்ள பொருட்களைப் படியுங்கள். இரண்டு பாகும் ஒரு பழச்சாறும் ஒரு கிரீமும் இருந்தால் அது பானம் என்ற பெயரில் வரும் இனிப்புப் பண்டம்.

நான் மது குடிப்பதில்லை. எனக்கு அங்கே என்ன வேலை?

நாற்காலிதான் விற்பனைக்கு என்று ஆரம்பத்திலேயே சொன்னோமே. டீ, காப்பி, எலுமிச்சை சோடா, மாக்டெயில் எதை வாங்கினாலும் அதே சோபா, அதே மரியாதை. விளக்கமும் தேவையில்லை, "ஆல்கஹால் இல்லாமல்" என்றால் போதும்.

முழுமையாகத் தவிர்ப்பவர்கள் மட்டும் மூன்றைக் கவனிக்க வேண்டும். "ஆல்கஹால் இல்லாத" பீரில் 0.5 சதவீதம் வரை இருக்க பல நாடுகளில் அனுமதி உண்டு, 0.0 என்று போட்டதைக் கேளுங்கள். சோடாவில் சில சொட்டு விடும் பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு 40 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளது. அளவு சொற்பம்தான், ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. மூன்றாவது, ஒரே குலுக்கும் டப்பாவில் அடுத்தடுத்துக் கலப்பது. "கழுவிவிட்டுக் கலக்குங்கள்" என்று கேட்பதில் தவறில்லை.

சைவம் மட்டும் சாப்பிடுபவர், ஒவ்வாமை உள்ளவர் எதைப் பார்க்க வேண்டும்?

மெனுவில் பச்சைப் புள்ளி இருக்காது, எனவே நீங்கள்தான் கேட்க வேண்டும். விஸ்கி சவர், பிஸ்கோ சவர் போன்றவற்றின் மேல் நிற்கும் வெள்ளை நுரை பெரும்பாலும் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு; "முட்டை இல்லாமல்" என்றால் நுரை மட்டும் குறையும், சுவை போகாது. ப்ளடி மேரி தக்காளிச் சாறுதானே என்று நினைப்பார்கள். அதில் விடும் ஊஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் இருக்கும். சீசர் என்ற கனடியப் பானத்தில் சிப்பிச் சாறே சேரும். சில ஒயின்களைத் தெளிய வைக்க முட்டையின் வெள்ளைக்கரு, மீன் பசை, பால் புரதம் பயன்படுத்துவதுண்டு.

கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு: மை டாய் என்ற காக்டெயிலில் சேரும் ஓர்ஜா பாகு பாதாமில் செய்தது. பாதாம் வாசமுள்ள மதுவகைகளையும் விட்டுவிடுங்கள். மேசைக்கு வரும் வறுகடலைக் கிண்ணத்தைத் தொட்ட கையோடுதான் உங்கள் கிளாஸும் வரும், எனவே ஒவ்வாமை இருப்பதைப் பரிமாறுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தனியாகப் பயணம் செய்பவர், முக்கியமாகப் பெண்கள், எதில் கவனமாக இருக்க வேண்டும்?

வெளியில் உள்ள பார்களைவிட லாபி லவுஞ்ச் பத்திரமானது. ரிசப்ஷன் கண்ணெதிரே, கேமரா, வெளிச்சம், காவலர் எல்லாம் இருக்கிறது. அப்படியும் ஓர் ஓட்டை உண்டு: அறை எண். "ரூம் பில்லில் போடுங்கள், எட்டு நூற்றுப் பன்னிரண்டு" என்று சத்தமாகச் சொல்லும்போது பக்கத்து மேசையும் கேட்டுக்கொள்கிறது. சொல்லாமல் சீட்டில் எழுதிக் கொடுங்கள், கொடுக்கும்போது மடித்து வையுங்கள். சாவி அட்டையை எண் அச்சிட்ட உறையோடு மேசைமேல் வைக்காதீர்கள்.

கழிவறைக்குப் போகும்போது பாதிக் கிளாஸை விட்டுப் போனால் திரும்பி வந்து அதைக் குடிக்க வேண்டாம். கவுண்டரில் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம், அல்லது முடித்துவிட்டு எழலாம். முன்பின் தெரியாதவர் வாங்கித் தரும் பானம் பரிமாறுபவர் கையிலிருந்து நேராக உங்கள் கைக்கு வர வேண்டும். ஒரே கிளாஸில் கால் தள்ளாடினால், வாய் குழறினால் அறைக்குத் தனியாகப் போகாதீர்கள், ரிசப்ஷனுக்குப் போய்ச் சொல்லுங்கள்.

ரூம் பில்லில் போடுவதா, அங்கேயே கொடுப்பதா?

ஒரே இரவு தங்கல், சொந்தக் காசு என்றால் அங்கேயே கார்டில் கொடுத்து முடிப்பது சுத்தம். ரூம் பில்லில் போட வேண்டுமானால் செக்-இன்னின்போது கார்டு கொடுத்திருக்க வேண்டும். அறைக்கு முன்பணம் கட்டியதோடு கார்டு எதுவும் தரவில்லை என்றால் கணக்கில் ஏற்ற மறுப்பார்கள்.

கவுண்டரில் கார்டைக் கொடுத்துக் கணக்குத் திறந்து வைத்தால் ஒரு தொகையை வங்கி தற்காலிகமாக நிறுத்தி வைக்கும். இறுதி பில் வேறு தொகையாக இருந்தால் இரண்டும் சில நாள் சேர்ந்தே தெரியும். இரண்டு முறை எடுத்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம், நிறுத்திவைத்த தொகை தானாக விடுபடும். டெபிட் கார்டு என்றால் அதுவரை அந்தப் பணத்தை எடுக்க முடியாது. அதனால் இதற்கு கிரெடிட் கார்டு நல்லது.

வெளிநாட்டில் மெஷின் "உங்கள் நாட்டு நாணயத்திலா, உள்ளூர் நாணயத்திலா" என்று கேட்கும். எப்போதும் உள்ளூர் நாணயம். மற்றதைத் தொட்டால் மாற்று விகிதத்தை மெஷின் வைத்திருப்பவர் நிர்ணயிப்பார், அது உங்கள் வங்கி தருவதைவிட அநேகமாக மோசமாகத்தான் இருக்கும்.

அலுவலகப் பயணம், பில்லை எப்படிப் பிரிப்பது?

ஆர்டர் செய்வதற்கு முன்பே "மது தனி பில், மற்றது தனி பில்" என்று சொல்லுங்கள். பல நிறுவனங்கள் மதுவுக்குப் பணம் தராது. ஒரே பில்லில் இரண்டும் வந்துவிட்டால் காப்பிக்கும் சேர்த்துக் கேள்வி வரும். அடித்த பில்லைப் பிரிப்பதும் அவர்களுக்குத் தலைவலி, சில கணினி முறைகளில் மேலாளர் அனுமதி வேண்டும்.

விமானத்துக்கு முன் ஒன்று குடிக்கலாமா?

ஒன்று, சாப்பாட்டோடு, கூடவே அதே அளவு தண்ணீர். பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். இரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே குறைகிறது. மது குடித்துத் தூங்கினால் இன்னும் குறையும். சீக்கிரம் தூக்கம் வரும், ஆனால் பாதியில் கலையும். போதையில் தள்ளாடுபவரை ஏற்ற மறுக்க விமான நிறுவனங்களுக்கு உரிமை உண்டு, டிக்கெட் பணமும் பெரும்பாலும் போய்விடும்.

மருந்து சாப்பிடுகிறேன், பரவாயில்லையா?

தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மாத்திரை, பயண வாந்தி மாத்திரை: இவற்றோடு மது கூடவே கூடாது, மூச்சு மந்தமாகும் அளவுக்குப் போகலாம். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை சாப்பிடும் நாட்களில் தவிர்க்கச் சொல்வார்கள். கிரேப்ஃப்ரூட் சாறு கலந்த பலோமா போன்ற பானங்களில் ஆல்கஹாலோடு இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தச் சாறு சில கொழுப்புக் குறைப்பு மாத்திரைகளும் இரத்த அழுத்த மாத்திரைகளும் இரத்தத்தில் அளவு மீறச் செய்யும். சந்தேகம் இருந்தால் மருந்துச் சீட்டு எழுதியவரைக் கேளுங்கள்.

வயதும் சட்டமும்?

அமெரிக்காவில் 21, ஜப்பானில் 20, பிரிட்டனில் 18. நரை விழுந்தவரையும் அமெரிக்காவில் அடையாள அட்டை கேட்பார்கள், பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவிட்டு வராதீர்கள். குவைத்தில் மது தடை. வேறு பல நாடுகளில் தேர்தல் நாள், மத விழா நாட்களில் ஓட்டலிலும் ஊற்ற மாட்டார்கள். கெஞ்சிப் பயனில்லை, ஊழியரின் வேலை போய்விடும். வாடகைக் கார் ஓட்டுவதாக இருந்தால் ஒன்றும் வேண்டாம். இரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு இங்கிலாந்தில் 0.08 சதவீதம், ஜப்பானில் 0.03, ஹங்கேரியில் பூஜ்யம்.

ஒரு கிளாஸோடு எவ்வளவு நேரம் உட்காரலாம்?

கூட்டம் இல்லாத பிற்பகலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். மாலை ஆறிலிருந்து ஒன்பதுவரை ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஆர்டர் என்பது நியாயமான கணக்கு; அந்த அடுத்த ஆர்டர் தண்ணீர் பாட்டிலாகவோ டீயாகவோ இருக்கலாம். குறைந்தபட்சத் தொகை இருக்கிறதா என்று ஜன்னலோர இடங்களில் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் செக்-அவுட் செய்யும்போது குடிக்காத பானம் பில்லில் இருக்கிறது. என்ன செய்வது?

கையெழுத்திட்ட சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். ரூம் பில்லில் ஏற்றிய ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு இருக்க வேண்டும். அதில் உங்கள் கையெழுத்து இல்லை என்றால் நீக்கிவிடுவார்கள். பெரும்பாலும் 812-ஐ 821 என்று தட்டியதுதான் காரணமாக இருக்கும். இதைக் காலை ஏழு மணி வரிசையில் டாக்சி காத்திருக்கும்போது பேசாமல், முந்தைய இரவே ரிசப்ஷனில் அதுவரையான பில்லை அச்சடித்து வாங்கிப் பாருங்கள். லவுஞ்சில் கையெழுத்திடும் ஒவ்வொரு சீட்டையும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் வாக்குவாதமே வராது.